சாவிக்கொத்தும் நோயாளியும்

அரசு மருத்துவமனையில் பத்து நாள் படுத்து எழுந்து வந்தவரிடம் விசாரித்துப் பாருங்கள். டாக்டரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுவார். சிஸ்டரைப் பற்றித்தான் விரிவாகப் பேசுவார். காலை டூட்டி சிஸ்டர் தங்கமானவர், ராத்திரி வந்தவர் எரிந்து விழுந்தார், ஒருவர் கேட்காமலே தலையணையைச் சரிசெய்தார், இன்னொருவர் டிரிப்ஸ் தீர்ந்துபோய் நாலு தடவை கூப்பிட்ட பிறகுதான் வந்தார் என்று பேச்சு நீளும். கேட்கிறவர்களும் எல்லாம் அவரவர் குணம் என்று முடித்துவிடுவார்கள். பத்திரிகைக்கு வரும் புகார்க் கடிதமும், அதன்பேரில் அதிகாரி எடுக்கும் நடவடிக்கையும் இதே முடிவின் மேல்தான் நிற்கின்றன: ஒரு செவிலியர்மேல் குற்றம், அவருக்கு ஒரு மெமோ, அதோடு சரி. இந்த முடிவு தவறு என்பது என் வாதம். வார்டில் கிடைக்கும் கவனிப்பை, அங்கே வேலை செய்கிறவரின் மனசைவிட அந்த வார்டின் வேலைப் பழக்கமே அதிகம் தீர்மானிக்கிறது. யார் யாருக்குக் கீழே, எந்த வேலை யாருடையது, எது தவறினால் தண்டனை, எது தவறினால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பவையெல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் பழக்கம். சென்னையிலும் அதற்கு வடக்கேயும் உள்ள வார்டுகளில் அது இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் படிந்து வந்திருக்கிறது.

அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கம் அனல்மின் நிலையத்திலோ துறைமுகத்திலோ ஒருவருக்குப் பெரிய அடி பட்டால், ஆம்புலன்ஸ் பெரும்பாலும் தெற்கே திரும்பி ஸ்டான்லி மருத்துவமனைக்குத்தான் போகிறது. வடசென்னையின் பழைய ஆட்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் இடம் அது. ஹைதர் அலியின் படையெடுப்பால் ஊரை விட்டு ஓடிவந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782இல் ஏற்பட்ட மணியக்காரர் சத்திரம்தான் அதன் வேர். 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே மருத்துவமனையைத் தொடங்கினார். பின்னர் ஆளுநர் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டான்லியின் பெயர் சூட்டப்பட்டது. 1938இல் அது மருத்துவக் கல்லூரி ஆனது. சென்ட்ரலுக்கு எதிரே உள்ள பொது மருத்துவமனையின் பிறப்பு வேறு வகை. கம்பெனிச் சிப்பாய்களுக்காக 1664இல் கோட்டைக்குள் தொடங்கி, 1772இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. ஒன்று தர்மச் சத்திரத்தில் பிறந்தது, இன்னொன்று படை முகாமில் பிறந்தது. சத்திரத்தில் வாங்குகிறவர் கேள்வி கேட்பதில்லை. முகாமில் கீழே இருப்பவர் மேலே இருப்பவரைக் கேள்வி கேட்பதில்லை. இன்று ரவுண்ட்ஸ் வரும் பேராசிரியரின் பின்னால் வரிசை கட்டி நிற்கும் கூட்டத்தையும், தன் கேஸ் ஷீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கத் தயங்கும் நோயாளியையும் பார்க்கும்போது, அந்த இரண்டு பிறப்புகளும் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

பயிற்சி பெற்ற செவிலியர் இந்த ஒழுங்குக்குள் பின்னால் வந்து சேர்ந்தவர். 1854இல் மதராஸ் பிரசவ மருத்துவமனையில் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி ஆரம்பமானது. 1871இல் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி வந்தது. அவர்களைப் பதிவு செய்யும் சட்டம் 1926இல்தான் நிறைவேறியது. பயிற்சி பெற்ற செவிலியர் வருவதற்கு முன் நோயாளியின் உடம்பைத் தொட்டுச் செய்யும் வேலைகள் கூலியாட்கள், ஆயாக்கள், தோட்டிகள் கையில் இருந்தன. புதிதாக வந்த பெண்ணுக்கு, மருத்துவருக்குக் கீழே, ஆயாவுக்கு மேலே என்று இடம் ஒதுக்கினார்கள். கூடவே அலமாரிச் சாவியையும் கையில் கொடுத்தார்கள். அந்தச் சாவி, மேலுக்குத் தெரிவதைவிட வார்டில் பெரிய விஷயம்.

ஷிப்ட் மாறும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். போகிறவர் வருகிறவரிடம் வார்டை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைப்பு என்றால் நோயாளிகளைக் கட்டில் கட்டிலாகச் சொல்வதுதான் முதன்மை என்று பாடப்புத்தகம் சொல்லும். நடப்பில் அதோடு இன்னொரு கணக்கும் உண்டு: பி.பி. கருவி எத்தனை, தெர்மாமீட்டர் எத்தனை, ஆக்சிஜன் சிலிண்டர் எத்தனை, படுக்கை விரிப்பு எத்தனை, டோபிக்குப் போனது எத்தனை, எண்ணிக்கையில் வைக்க வேண்டிய ஊசி மருந்து எத்தனை. ஒரு நோயாளி நேற்றிரவு தூங்கவில்லை, அழுதுகொண்டே இருந்தார் என்பதைச் சொல்ல மறந்தால் யாரும் விளக்கம் கேட்கப் போவதில்லை. ஒரு கருவி காணாமல் போனால் விளக்கம் கேட்பார்கள். தலைமைச் செவிலியர் மாற்றலாகும்போதும் ஓய்வுபெறும்போதும் இந்தச் சாமான் கணக்கை நேர் செய்தாக வேண்டும். எதற்குத் தண்டனை உண்டோ அதன்மேல்தான் கண் இருக்கும். மனிதர் எல்லோருக்கும் இது பொருந்தும். விரிப்பு கேட்டால் சிஸ்டர் ஏன் கஞ்சத்தனம் காட்டுகிறார் என்று நோயாளி நொந்துகொள்வார். அது கருணைக் குறைவால் வருவதல்ல. அந்த விரிப்புக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் அவர்.

இது வெறும் ஊகமல்ல. செவிலியர் பணியின் நிலையை ஆராய மத்திய அரசு 1987இல் உயர்மட்டக் குழு ஒன்றை அமைத்தது. தலைவர் நம் ஊர்ச் சமூக சேவகி சரோஜினி வரதப்பன், முன்னாள் முதல்வர் பக்தவத்சலத்தின் மகள். உடைந்ததற்கும் தொலைந்ததற்கும் செவிலியரைப் பொறுப்பாளியாக்கக் கூடாது; துணி, கிருமிநீக்கம், மருந்து மூன்றுக்கும் மருத்துவமனை முழுமைக்கும் மையப் பிரிவுகள் வேண்டும்; வார்டைச் சுத்தமாகவும் ஒழுங்காகவும் வைக்கும் வேலையைச் சிஸ்டர் தலையில் கட்டாமல் தனிப் பிரிவிடம் தர வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அறிக்கை வந்தது 1989இல். ஒரு தேசியக் குழு மெனக்கெட்டு இப்படி எழுதவேண்டி வந்ததே, அந்த வழக்கம் எவ்வளவு ஊறியிருந்தது என்பதற்குச் சாட்சி. பொதுச் சொத்துக்கு யாராவது பொறுப்பேற்கத்தானே வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் களவு போய்விடுமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கவலை. பொறுப்பேற்க ஸ்டோர் கீப்பர் என்ற பதவியே இருக்கிறது. காய்ச்சலும் புண்ணும் பார்க்கப் படித்தவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்தது நிர்வாகத்துக்குக் கிடைத்த மலிவான வழி, அவ்வளவே.

இந்தச் சாமான் கணக்கு முதல் படிவு என்றால், இரண்டாவது படிவு சாதி. இதைப் பற்றி நாம் வெளிப்படையாகப் பேசுவதே இல்லை. மலம், சிறுநீர், சீழ், ரத்தம் தொடும் வேலை தீட்டு என்று நினைத்த சமூகத்தில், வசதியான சாதிகள் தங்கள் பெண்களை இந்தப் படிப்புக்கு அனுப்பவில்லை. நீண்ட காலம் ஆங்கிலோ இந்தியர்களும் கிறிஸ்தவக் குடும்பப் பெண்களும்தான் இந்தத் தொழிலைத் தாங்கினார்கள். இழிவாகப் பார்க்கப்பட்ட தொழிலுக்கு மரியாதை தேட அதில் இருந்தவர்கள் கண்ட வழிகளில் ஒன்று, அழுக்கு வேலையிலிருந்து விலகி நிற்பது. பெட்பேன் ஆயாவிடம் போனது, துடைப்பதும் குளிப்பாட்டுவதும் உறவினரிடம் போயின. ஊசி, மருந்து, பேனா, பதிவேடு சிஸ்டரிடம் தங்கின. அவர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. மதிப்பு முழுவதும் எழுத்திலும் ஊசியிலும், அவமதிப்பு முழுவதும் உடம்பைத் தொடுவதிலும் குவிந்திருக்கும் இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். ஆனால் நோயாளிக்கு இதனால் வந்த இழப்பு பெரிது. உடம்பு துடைக்கும்போதுதான் முதுகுத் தோல் சிவந்திருப்பது கண்ணில் படும். சாப்பாடு ஊட்டும்போதுதான் விழுங்க முடியவில்லை என்பது தெரியும். படித்தறிந்த கண் நோயாளியின் உடம்பை விட்டு எட்டிப் போய்விட்டது. உடம்புக்கு அருகில் நிற்பவர் வார்டிலேயே குறைந்த சம்பளம் வாங்கும் ஒப்பந்தத் தொழிலாளி. ஸ்ட்ரெச்சர் தள்ளக் காசு கேட்கிறார்கள் என்ற தீராத புகாரையும் இந்த ஏணியின் கடைசிப் படியில் நின்று யோசித்தால், வேறு மாதிரி புரியும்.

மூன்றாவது படிவு பற்றாக்குறை. நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த, ஏ. லட்சுமணசாமி முதலியாரும் உறுப்பினராயிருந்த போர் (Bhore) குழு 1946இல் அறிக்கை தந்தபோது, நாட்டில் சுமார் 43,000 பேருக்கு ஒரு செவிலியர் என்ற நிலை. மதராஸ் சுகாதார அமைச்சராயிருந்த ஏ.பி. ஷெட்டி தலைமையில் 1954இல் ஒரு குழு செவிலியருடைய பணி நிலைமைகளை ஆராய்ந்தது. கற்பிக்கும் மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒருவர், மற்றவற்றில் ஐந்து பேருக்கு ஒருவர் என்று இந்திய நர்சிங் கவுன்சில் விதி வைத்திருக்கிறது. இரவு டூட்டியில் நிறைந்து வழியும் பொது வார்டை ஓரிருவர் பார்த்துக்கொள்வதுதான் நாம் அறிந்த காட்சி. ஆள் இல்லாத இடத்தைக் குடும்பம் நிரப்பியது. முதலில் தற்காலிக ஏற்பாடாக இருந்தது, பிறகு அட்டெண்டர் பாஸ் அடித்துத் தரும் நிரந்தர விதியாயிற்று.

இந்தப் படிவுகளுக்கு நடுவே நிற்கும் செவிலியரின் மனம் என்ன ஆகும் என்பதை, நம் ஊரை அறியாத ஒருவர் மிகத் துல்லியமாகச் சொல்லியிருக்கிறார். இசபெல் மென்சீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் லண்டன் மருத்துவமனை ஒன்றை ஆராய்ந்து 1960இல் வெளியிட்ட கட்டுரை அது. அங்கே பயிற்சிக்குச் சேர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பாதியிலேயே விட்டுப் போனார்கள். சாவையும் வலியையும் அன்றாடம் தொடுவதால் எழும் பதற்றத்தைத் தாங்க, மருத்துவமனை தன்னையறியாமல் சில தற்காப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தது என்றார் அவர். ஒரு நோயாளியை ஒருவர் முழுதாகப் பார்க்காமல், எல்லோருக்கும் காய்ச்சல் பார்ப்பவர் ஒருவர், எல்லோருக்கும் மருந்து தருபவர் ஒருவர் என்று வேலையைத் துண்டாக்குவது. பெயரை விட்டுக் கட்டில் எண்ணையோ நோயின் பெயரையோ சொல்லி அழைப்பது. சின்ன முடிவுக்கும் மேலே கேட்பது. இவை பதற்றத்தைத் தணிக்கவில்லை, வேலையில் கிடைக்கும் நிறைவைத்தான் பறித்தன. நம் வார்டுகளை அறிந்தவர்களுக்கு இதில் ஒவ்வொரு வரியும் பழக்கமானது. 'பதினெட்டாம் பெட்டு சுகர்' என்று கூப்பிடும் குரலில் அலட்சியம் மட்டும் இல்லை; அந்த ஆளை நெருங்கினால் தாங்க முடியாது என்ற பயமும் இருக்கிறது.

இங்கே வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. ஒரே வார்டில், ஒரே நெருக்கடியில், ஒருவர் பரிவோடும் ஒருவர் கடுமையோடும் இருக்கிறாரே, அப்படியானால் குணம்தானே காரணம்? குணத்துக்குப் பங்கில்லை என்று நான் சொல்லவில்லை. நல்ல குணத்தை எந்த வார்டு வளர்க்கிறது, எந்த வார்டு சில மாதங்களில் கரைத்துவிடுகிறது என்பதுதான் கேள்வி. தாம்பரம் சானடோரியத்தைப் பாருங்கள். சவுரி முத்து 1928இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம். தொண்ணூறுகளில் எச்.ஐ.வி. என்றாலே பல மருத்துவமனைகள் கதவைச் சாத்தியபோது, 1993 முதல் தாம்பரம் அவர்களைச் சேர்த்துக்கொண்டது, மருத்துவர் சி.என். தெய்வநாயகம் பொறுப்பிலிருந்த காலம். சில ஆண்டுகளில் அது நாட்டின் மிகப் பெரிய எச்.ஐ.வி. சிகிச்சை மையங்களில் ஒன்றாகியது. அங்கே வேலை பார்த்த செவிலியர்கள் தனிப் பிறவிகள் அல்லர். மற்ற மருத்துவமனைகளுக்கும் அனுப்பப்பட்ட அதே அரசுப் பணியாளர்கள், அதே படிப்பு, அதே சம்பளம். தொற்றுக்குப் பயந்து பிறர் ஒதுக்கும் நோயாளிகளைப் பல்லாண்டுகளாகத் தொட்டுப் பழகிய வார்டு, இவர்களையும் சேர்ப்பது நம் வேலை என்று மேலிருந்து வந்த தெளிவு, இரண்டும் சேர்ந்து வேறொரு பழக்கத்தை உண்டாக்கின. பிரசவ அறையும் அப்படித்தான். வலியில் கத்தும் பெண்ணைத் திட்டுவது அங்கே வழக்கமாகவே இருந்தது. 2004இல் தமிழக அரசு மருத்துவமனைகளில் பெண் ஒருவர் துணைக்கு உள்ளே இருக்க அனுமதி வந்தது. துணையாய் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, திட்டுவதற்கு வாய் எழுவது கடினம். எத்தனை உபதேச வகுப்பு நடத்தினாலும் இந்த ஒரு விதி செய்யும் வேலையைச் செய்யாது என்பது என் எண்ணம்.

ஆள் போதவில்லை, அதைச் சரிசெய்தால் போதும், பழக்கம் கலாச்சாரம் என்பதெல்லாம் இரண்டாம்பட்சம் என்று செவிலியர் சங்கத்தினர் சொல்வதுண்டு. ஆள் முக்கியம் என்பதில் சந்தேகமே இல்லை. பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா எய்கென் குழு 2002இல் கண்டது இது: ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினால், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. ஆனால் அதே குழு 2011இல் இன்னொன்றையும் காட்டியது. பணிச்சூழல் நல்லதாக உள்ள மருத்துவமனைகளில் ஆளைக் கூட்டினால் சாவு குறைகிறது. சூழல் மோசமான இடங்களில் ஆளைக் கூட்டியும் பலன் ஏறக்குறைய இல்லை. மருத்துவரோடு சமமாகப் பேச முடிகிறதா, செவிலியர் தலைமை தன் ஆட்களுக்காக நிற்கிறதா என்பவைதான் சூழல். தண்ணீர் கேட்டுத் தவித்த நோயாளிகளின் கதையால் இங்கிலாந்தையே உலுக்கிய ஸ்டாஃபோர்ட் மருத்துவமனை பற்றி ராபர்ட் ஃபிரான்சிஸ் 2013இல் தந்த அறிக்கையும், ஆள் குறைப்போடு சேர்த்து, இலக்கையும் வரவு செலவையும் மட்டுமே பார்த்த நிர்வாகப் பழக்கத்தைக் குற்றம் சாட்டியது.

நம் ஊரில் இந்தச் சூழலைக் கடந்த பத்து ஆண்டுகளில் மிகவும் கெடுத்தது ஒப்பந்த முறை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015இல் தேர்வு வைத்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியரை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தது. இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்பது எதிர்பார்ப்பு. அது நடக்காமல் 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். நீதிமன்றம் தலையிட்டது; போராட்டம் முடிந்தது; பிறகு ஊதியம் 14,000 ஆனது. கொரோனாக் காலத்தில் எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் கடைசி நாளோடு முடிக்கப்பட்டது. ஊதியத்தின் அநியாயம் எல்லோருக்கும் தெரிந்தது. வார்டுக்குள் அது செய்யும் வேலை அவ்வளவாகத் தெரிவதில்லை. ஒரே சீருடையில் நிற்கும் இருவரில் ஒருவருக்குச் சம்பளம் மற்றவரைப் போலப் பல மடங்கு. ஒருவர் தவறைச் சுட்டிக்காட்டலாம், மற்றவர் வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொள்வார். மருந்தின் அளவு தப்பாக இருப்பதைக் கண்டும் கேட்கத் தயங்கும் செவிலியரால் நோயாளிக்கு வரும் ஆபத்தைச் சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை. தனியார் மருத்துவமனைகளில் கவனிப்பு நன்றாக இருக்கிறதே என்பார்கள். அங்கே முகம் சிரிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள், உண்மைதான். ஆனால் 2011-12இல் மும்பை, டெல்லி, கேரளம் தொடங்கிச் சென்னை வரை தனியார் மருத்துவமனைச் செவிலியர்கள் வேலைநிறுத்தம் செய்தது, பாண்டில் கையெழுத்து வாங்கிச் சான்றிதழைப் பிடித்துவைத்ததற்கும் சொற்பச் சம்பளத்துக்கும் எதிராகத்தான். 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு, சிறிய தனியார் மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. சத்தம் போட முடியாதவர்கள் நிறைந்த வார்டு அமைதியாகத்தான் இருக்கும். அந்த அமைதியை நல்ல கவனிப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அத்திப்பட்டு முதல் கும்மிடிப்பூண்டி வரை இப்போது வேலை செய்பவர்களில் பெரும் பகுதியினர் அசாம், ஒடிசா, பிகார் என்று வெளி மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் இறந்தார்கள், பெரும்பாலோர் அசாமைச் சேர்ந்தவர்கள். காயம்பட்டவர்களைக் கொண்டுபோனது ஸ்டான்லிக்கு. செய்தித்தாளில் விபத்து அடுத்த வாரமே மறைந்துபோகும். வார்டில் அது பல வாரம் நீடிக்கும். உயரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு உடைந்தவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், நாளைக்குப் பன்னிரண்டு தடவை. கழுத்தும் முதுகும் முறுகாமல் ஒரே நேர்க்கோட்டில் புரட்ட மூன்று நான்கு பேர் வேண்டும். தவறினால் இடுப்பெலும்பின் மேலும் குதிகாலிலும் தோல் சிவக்கும், பிறகு கறுக்கும், பிறகு படுக்கைப்புண் எலும்பு வரை ஆழமாகும். ஊர்க்காரர் என்றால் மனைவியோ தம்பியோ பக்கத்தில் இருந்து இதைச் செய்வார்கள். இவருடைய மனைவி இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார். உடன் வந்த மேஸ்திரி ஒரு நாள் இருப்பார். கூட யாரு இருக்கா என்ற வார்டின் முதல் கேள்விக்கு இவரிடம் பதில் இல்லை, கேள்வியின் மொழியே புரியவில்லை. குடும்பம் செய்யும் என்று எழுதப்படாமல் நின்ற ஏற்பாடு முழுவதும் இந்த ஒரு கட்டிலில் வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது. இரக்கமுள்ள சிஸ்டர் தன்னால் முடிந்ததைச் செய்வார், பக்கத்துக் கட்டில்காரரின் உறவினரைக் கூப்பிட்டுக் கைகொடுக்கச் சொல்வார். அந்த இரக்கத்துக்கு அடுத்த ஷிப்டில் பொறுப்பாளர் யாரும் இல்லை.

ஆகவே பேச வேண்டியது விதிகளைப் பற்றி. 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்ட பதினொரு புதிய மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று திருவள்ளூரில் இருக்கிறது. ஸ்டான்லியைப் போல நூற்றாண்டுக் கறை படியாத மருத்துவக் கல்லூரி, அத்திப்பட்டு இருக்கும் அதே மாவட்டத்துக்குள்ளேயே. அங்கே சாமான் கணக்கை வார்டுச் சிஸ்டரிடமிருந்து எடுத்து ஸ்டோரிடம் தரலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, 1989 அறிக்கையே போதும். நோயாளியைப் புரட்டிய நேரத்தை எழுதும் தாளுக்கு, விரிப்பு எண்ணும் பதிவேட்டுக்கு உள்ள அதே மதிப்பைத் தரலாம். ஒப்படைப்பின்போது அதைத்தான் முதலில் கேட்கச் சொல்லலாம். உடன் ஆள் இல்லாத நோயாளிக்கு ஷிப்டுக்கு ஒரு செவிலியரைப் பெயர் குறித்துப் பொறுப்பாக்கலாம். இந்தியோ அசாமியோ ஒடியாவோ பேசும் ஒருவரைப் போனில் பிடிக்கும் ஏற்பாட்டை மாவட்டத் தொழிலாளர் துறையிடம் கேட்கலாம். இதற்கெல்லாம் ஆளும் பணமும் எங்கே என்று கேட்டால், சாரத்தில் ஏறியவர்களின் உழைப்பில் ஓடும் மின் நிலையங்களும் துறைமுகமும் இதே மாவட்டத்தில்தான் இருக்கின்றன. அவர்கள் படுக்கும் வார்டுகளுக்கான நிரந்தரச் செவிலியர் பணியிடங்களை, கட்டிடத்துக்கும் ஸ்கேன் கருவிக்கும் நிதி கேட்கும் அதே கோப்பில் சேர்த்துக் கேட்க வேண்டும்.